பீரோவில் தூங்கும் தந்தச் சிலை: இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?

ஐந்து பவுண்டுக்கு வாங்கிய ஒரு குட்டிப் பொம்மை, அப்படியே பிள்ளைகளுக்குப் போய், ஐம்பத்தைந்து வருடம் கழித்து 7,35,000 பவுண்டுக்கு ஏலம் போனது தெரியுமா? நம் கணக்கில் ஆறு கோடி ரூபாய்க்கு மேல்!

1964ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஒரு பழம்பொருள் வியாபாரி இன்னொரு வியாபாரியிடம் அதை வாங்கினார். உயரம் வெறும் 8.8 சென்டிமீட்டர், நம் நடுவிரல் அளவு. ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம், தாடி வைத்த முகம், இடது கண் சிதைந்து போயிருக்கிறது. வால்ரஸ் தந்தத்தில் செய்த பழைய சதுரங்க வீரன் என்று கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி வைத்தார், அவ்வளவுதான். அவர் காலத்துக்குப் பிறகு மகளிடம் வந்தது. இதில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று அந்த அம்மாளுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. இழுப்பறையில் வைத்து, அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாராம். பிறகு ஒருநாள் குடும்பத்தார் அதை சதபீஸ் ஏல நிறுவனத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட, அங்கிருந்த நிபுணருக்குத் தூக்கிவாரிப்போட்டது!

காரணம் இருக்கிறது. 1831இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஒரு புதையல் கிடைத்தது. 93 பொருள்கள், பெரும்பாலும் சதுரங்கக் காய்கள். 12ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, அநேகமாக நார்வே நாட்டில் செதுக்கியவை. இன்று 82 பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் 11 எடின்பரோவிலும் இருக்கின்றன. நான்கு செட் என்று வைத்து எண்ணினால் ஒரு குதிரையும் நான்கு காவலர்களும் குறைந்தன. அந்தக் காணாமல் போன காவலர்களில் ஒருவர்தான் இந்த இழுப்பறைக்காரர்! 2019 ஜூலையில் ஏலம் நடந்தது.

இதில் நமக்கென்று ஓர் ஆச்சரியம். சதுரங்கத்தில் அந்தக் காவலர் நிற்கும் இடம், நாம் ‘கோட்டை’ என்றும் ‘யானை’ என்றும் சொல்லும் மூலைக்கட்டம். பெயர் யானை, ஆனால் செதுக்கிய தந்தம் யானையுடையது அல்ல, பனிக்கடலில் வாழும் வால்ரஸ் என்ற விலங்கினுடையது. தந்தம் என்றாலே யானைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே!

சரி, தந்தம் என்பது என்ன? ஊர்ப்பக்கம் ‘ஆனைக்கொம்பு’ என்கிறோம். கொம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தந்தம் என்ற சொல்லுக்கே பல் என்றுதான் பொருள். யானையின் மேல்தாடை முன்பல்தான் ஆயுள் முழுக்க வளர்ந்து வளர்ந்து அப்படி நீண்டுவிடுகிறது. வெளியே தெரிவது மட்டும்தான் தந்தம் என்று நினைக்காதீர்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கும், அதற்குள் நரம்பும் ரத்த ஓட்டமும் உண்டு. அதனால்தான் வேட்டைக்காரன் முழுத் தந்தத்தையும் எடுக்க வேண்டுமென்றால் யானையைக் கொன்றுவிட்டுத்தான் எடுக்கிறான். உங்கள் வீட்டிலும் ஒரு தந்தச் சிலை இருந்தால், இதை நினைத்துக்கொண்டு ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்.

வெறும் கண்ணாலும் ஒரு லென்ஸாலும் தந்தத்தை அடையாளம் காணலாம், தெரியுமா? சிலையைக் கவிழ்த்து, அடிப்பாகத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். யானைத் தந்தத்தைக் குறுக்கே வெட்டிய இடத்தில், கோரைப்பாய் முடைந்தது போல மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போகும். இயந்திரம் போட்டது போல ஒரே சீராக இருக்காது, வளைந்து வளைந்து வரும். 1800இல் இதை விவரித்து எழுதிய ஜெர்மானியர் பெயரால் இதற்கு ‘ஷ்ரேகர் கோடுகள்’ என்று பெயர். உலகத்தில் யானைக்கும் அதன் அழிந்துபோன சொந்தங்களுக்கும் மட்டுமே உள்ள கைரேகை இது!

இதைவிட ஆச்சரியம், அந்தக் கோடுகள் சந்திக்கும் கோணம்! தந்தத்தின் வெளிவிளிம்பு ஓரமாக அளந்தால், இன்றைய யானைக்குச் சராசரியாக 115 டிகிரிக்கு மேல் இருக்கும். சைபீரியப் பனிக்குள் பல்லாயிரம் ஆண்டு புதைந்து கிடக்கும் மாமத யானைக்கு 90 டிகிரிக்குக் கீழே. ஒரு கோணத்தை அளந்தே, இது நேற்று வாழ்ந்த யானையா, பனியுகத்து யானையா என்று சொல்லிவிடுகிறார்கள்!

வால்ரஸ் தந்தத்தை வெட்டினால் நடுவில் ஆறி உறைந்த ஜவ்வரிசிப் பாயசம் போலக் குமிழ் குமிழாகத் தெரியும். நீர்யானைப் பல்லில் வளையம் வளையமாக மிக நெருக்கமான கோடுகள் இருக்கும், யானைத் தந்தத்தைவிடக் கெட்டி, வெளுப்பும் அதிகம். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்கு மரப்பல் என்று ஊரெல்லாம் கதை உண்டு. உண்மையில் 1789 வாக்கில் அவர் கட்டிக்கொண்ட பல்செட்டுக்கு நீர்யானைத் தந்தத்தைத்தான் செதுக்கினார்கள்! பறவைக்குக்கூடத் தந்தம் உண்டு, கேட்டிருக்கிறீர்களா? தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் ஒருவகை இருவாச்சியின் தலைக்கொண்டை உள்ளே கெட்டியாக, பொன்மஞ்சளாக, ஓரத்தில் சிவந்து இருக்கும். சீனாவில் அதைச் செதுக்கி அணிகலன் செய்தார்கள். அந்த ஆசையே அந்தப் பறவையை அழிவின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

நம் வீடுகளில் ‘தந்தம்’ என்று சொல்லி வைத்திருப்பதில் நிறைய வெறும் எலும்புதான். என் பெரியம்மா வீட்டில் ஒரு ஜோடி தாயக்கட்டை இருந்தது. ரங்கூனிலிருந்து அவர் மாமனார் கொண்டு வந்தது, சுத்தமான தந்தம் என்று மூன்று தலைமுறையாகப் பேச்சு. மஞ்சள் துணியில் சுற்றி, சந்தனப் பெட்டியில் வைத்திருப்பார். ஒரு பொங்கலன்று லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாய்முடைந்த கோடு எங்குமே இல்லை. அதற்குப் பதிலாக மேலெல்லாம் ஊசி முனையால் குத்தியது போலக் கரும்புள்ளிகள், பக்கவாட்டில் பார்த்தால் அவையே குட்டிக் குட்டிக் கீறல்கள். எலும்பில் ரத்தக்குழாய் ஓடிய துவாரங்கள் அவை. காலப்போக்கில் அழுக்கு ஏறிக் கறுத்துவிடும். தந்தத்தில் அவை இருக்கவே இருக்காது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். பெரியம்மா கட்டைகளை வாங்கி ஒரு உருட்டு உருட்டினார். “தாயம் விழுதுல்ல? அப்புறம் என்னடா”, என்று சொல்லிவிட்டு, பழையபடி அதே மஞ்சள் துணியில் சுற்றி வைத்தார்.

தாயக்கட்டை என்றதும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். கீழடி அகழாய்விலும் தந்தத்தில் செய்த பகடை கிடைத்திருக்கிறது! வைகைக் கரையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மவர்கள் தந்தத்தை உருட்டி ஆடியிருக்கிறார்கள்.

பிளாஸ்டிக் பிறந்த கதையிலேயே தந்தம் இருக்கிறது, தெரியுமா? பில்லியர்ட்ஸ் பந்துகளை அந்தக் காலத்தில் யானைத் தந்தத்தில்தான் செய்தார்கள். தந்தத்துக்குத் தட்டுப்பாடு வந்துவிடும் என்ற பயத்தில், 1863இல் நியூயார்க்கின் பில்லியர்ட்ஸ் நிறுவனம் ஒன்று மாற்றுப்பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு அறிவித்தது. அதற்காக முட்டி மோதிய ஜான் வெஸ்லி ஹையட் என்பவர் கையில்தான் செல்லுலாய்டு உருவானது. தந்தம் போலவே தெரியவேண்டும் என்று அதில் கோடுகூடப் போட்டார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்ளும்! அந்தக் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேர்நேராக, ஒரே இடைவெளியில் இருக்கும், ஒன்றையொன்று வெட்டாது. தென்னமெரிக்காவில் ஒரு பனைவகையின் கொட்டையும் தந்தம் போலவே இருக்கும். டாகுவா என்று பெயர். ஒரு காலத்தில் ஐரோப்பியர்களின் சட்டைப் பொத்தான்கள் அதிலும் தயாராயின. கொட்டையின் அளவே சிறியது என்பதால் பெரிய சிலை அதில் வராது. பழைய பியானோ இருக்கிறதா? வெள்ளைக் கட்டைகளின் குறுக்கே மயிரிழை போல ஓர் ஒட்டு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அநேகமாகத் தந்தம். அகலமான முன்துண்டும் ஒல்லியான பின்துண்டும் தனித்தனியாக ஒட்டியவை அவை. பிளாஸ்டிக் என்றால் ஒரே துண்டு.

ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார், உருகினால் பிளாஸ்டிக் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்! உண்மையான தந்தமாக இருந்துவிட்டால், நூறு வருடம் பொத்திப் பாதுகாத்ததில் ஓர் ஆறாத கரும்புள்ளி வைத்துவிடுவீர்கள். செல்லுலாய்டாக இருந்தால் இன்னும் மோசம், குப்பென்று பற்றிக்கொள்ளும். அதற்குப் பதில் கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா விளக்கை இருட்டறையில் காட்டுங்கள். தந்தமும் எலும்பும் நீலம் கலந்த வெள்ளையில் பளிச்சென்று ஒளிரும், பெரும்பாலான பிளாஸ்டிக் மங்கிக் கிடக்கும்.

ஆய்வகத்தில் செய்வது இன்னும் அதிசயம். 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் போட்டிபோட்டு அணுகுண்டு வெடித்துச் சோதித்தனவே, அதில் காற்றிலிருந்த கதிரியக்கக் கார்பன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. அது செடிக்குள் போய், செடியைத் தின்ற யானையின் தந்தத்துக்குள்ளும் போய்விட்டது! ஆகவே துளித் தந்தத்தைச் சுரண்டி எடுத்துச் சோதித்தால், அந்த யானை குண்டு வெடித்த காலத்துக்கு முன் வாழ்ந்ததா, பின்னா என்பது தெரிந்துவிடும். “எங்கள் தாத்தா காலத்தது” என்று சொல்லிப் புதுத் தந்தத்தை விற்கப் பார்ப்பவரின் பொய், எங்கோ வெடித்த அணுகுண்டால் வெளியே வருகிறது!

வயது தெரிந்துவிட்டது, ஊர்? அதைச் செதுக்கிய பாணி சொல்லும். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்து இத்தாலியின் பாம்பெய் நகரம் சாம்பலில் புதைந்தது. 1938இல் அங்கே ஒரு வீட்டைத் தோண்டியபோது, சுமார் 24 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தந்தப் பெண். கழுத்து நிறைய மாலை, கை நிறைய வளையல், இடுப்பில் மேகலை, இருபுறமும் தோழிகள். அச்சு அசலாக நம் நாட்டுக் கலை! லட்சுமி என்றார்கள், பிறகு யட்சி என்றார்கள். அடியில் கரோஷ்டி எழுத்தில் ஓர் அடையாளம் வேறு. நான் சிலையைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னது கோட்டுக்காக மட்டுமல்ல, பாதி ரகசியம் அடிப்பாகத்தில்தான் இருக்கிறது. அவள் எந்தக் கப்பலில் போனாளோ! ஆனால் தந்தம் கப்பலேறியதற்குச் சாட்சி உண்டு. வியன்னாவில் இருக்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்றில், முசிறியிலிருந்து வந்த ‘ஹெர்மபோலோன்’ என்ற கப்பலின் சரக்குக் கணக்கு இருக்கிறது. அதில் தந்தமும் உண்டு. சங்கப் பாடல்கள் பாடும் அதே முசிறி!

தந்தம் அரசர்களின் பரிசாகவும் கடல் கடந்தது. இலங்கையில் 1540களை ஒட்டி நடந்ததைக் கேளுங்கள். கோட்டை என்ற நாட்டின் அரசர் புவனேகபாகு, தன் பேரன் தர்மபாலனைப் போர்ச்சுகல் மன்னர் அங்கீகரிக்கவேண்டும் என்று, பேரனின் பொற்சிலையையே லிஸ்பனுக்கு அனுப்பினார். அந்தச் சிலைக்கு அங்கே முடிசூட்டு விழா நடந்தது! கூடவே போன தந்தப் பேழையில், போர்ச்சுகல் மன்னர் இளவரசனுக்கு முடிசூட்டும் காட்சியை இலங்கைச் சிற்பி செதுக்கியிருக்கிறார். அந்தப் பேழையை இன்றும் ஜெர்மனியின் மியூனிக் அரண்மனைக் கருவூலத்தில் பார்க்கலாம். திருவிதாங்கூர் மகாராஜா அனுப்பிய தந்தச் சிம்மாசனமோ 1851இல் லண்டன் மகா கண்காட்சியில் வைக்கப்பட்டு, பின்னாளில் விக்டோரியா ராணி அதில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார்.

பழைய கதைகளாக அடுக்கிக்கொண்டே போகிறேன், எல்லாவற்றுக்கும் பாட்டன் ஒருவன் இருக்கிறான். ஜெர்மனியின் ஒரு குகையில் 1939 ஆகஸ்டில், இரண்டாம் உலகப்போர் தொடங்கச் சில நாள் இருக்கும்போது, மாமதத் தந்தத் துண்டுகள் கிடைத்தன. போர் வந்ததும் பெட்டியில் போட்டு மூடிவிட்டார்கள். முப்பது வருடம் கழித்து ஒட்டிப் பார்த்தால், சிங்கத் தலை, மனித உடல், 31 சென்டிமீட்டர் உயரம்! வயது சுமார் 40,000 ஆண்டு. நம் நரசிம்மரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வாரிசுச் சொத்து என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது எட்மண்ட் டி வால் என்ற பிரிட்டிஷ் மட்பாண்டக் கலைஞர். ஜப்பானில் வாழ்ந்த, பாட்டியின் தம்பியிடமிருந்து அவருக்கு 264 நெட்சுகே பொம்மைகள் வந்தன. தந்தத்திலும் மரத்திலும் செதுக்கிய, தீப்பெட்டி அளவுக்குள் அடங்கும் குட்டிச் சிற்பங்கள். கிமோனோவில் சட்டைப்பை கிடையாது, ஆகவே பணப்பையைக் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட ஜப்பானியர் வைத்துக்கொண்ட பிடிப்பு அது. கயிறு நுழைய இரண்டு துளை இருக்கும், அந்தத் துளையின் தேய்மானமே நிபுணருக்கு வயது சொல்லும். அதற்கு முன் அந்தப் பொம்மைகள் வியன்னாவில் இருந்த அவருடைய யூதக் குடும்பத்தில்தான் இருந்தன. அந்தக் குடும்பத்தின் சொத்தையெல்லாம் நாஜிகள் வாரிக்கொண்டு போனபோது, வீட்டு வேலைக்கார அம்மாள் அன்னா, முந்தானையில் முடிந்து கொண்டுபோவது போலச் சில சிலவாக எடுத்துத் தன் மெத்தைக்குள் ஒளித்து வைத்தார். போர் முடிந்ததும் ஒன்றுவிடாமல் திருப்பிக் கொடுத்தார். சந்தையில் அந்தப் பொம்மைகளுக்கு என்ன விலையோ இருக்கட்டும், அந்த மெத்தைக்கு யார் விலை போடுவது!

சரி, உங்கள் வீட்டுச் சிலைக்கு என்ன விலை? நிபுணர்கள் பார்ப்பது இவற்றைத்தான்: எந்த விலங்கு, எந்த ஊர் உளி, எத்தனை வயது, விரிசல் எத்தனை, யாரிடமிருந்து யாரிடம் வந்தது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரியது. எடின்பரோ வியாபாரி எழுதிய அந்த ஒரு வரிக் கணக்கை மறக்காதீர்கள். மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், தேயிலைச் சாற்றில் ஊறவைத்தால் புதுத் தந்தமும் பழசாகிவிடும். உண்மையான பழசில் கைபடும் மேடுகள் மழுங்கியிருக்கும், வெளிச்சம் பட்ட பக்கம் வெளுத்து, சுவர்ப்பக்கம் பழுத்திருக்கும்.

ஆனால் நம் நாட்டில் அதன் சந்தை விலை என்ன தெரியுமா? பூஜ்யம்! ஆம், ஒரு ரூபாய்கூடக் கிடையாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் சேர்ந்து, 1986இல் இந்திய யானைத் தந்த வியாபாரத்தையும், 1991இல் ஆப்பிரிக்க யானைத் தந்த வியாபாரத்தையும் மூடிவிட்டன. எத்தனை பழசு, எத்தனை அழகு என்ற பேச்சே இல்லை. உரிமைச் சான்றிதழ் இருந்தாலும் வைத்துக்கொள்ளலாமே தவிர விற்கக் கூடாது. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. பிரிட்டனிலும் 2022 ஜூனிலிருந்து கிட்டத்தட்ட முழுத்தடைதான். 1918க்கு முந்தைய அரிய கலைப்பொருள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. சீனா 2017 கடைசியில் கடையை மூடியது. தடை வரப்போகிறது என்ற பேச்சிலேயே, 2014இல் கிலோ 2,100 டாலராக இருந்த விலை 2017 தொடக்கத்தில் 730 டாலருக்கு விழுந்துவிட்டது. கென்யா 2016 ஏப்ரல் 30 அன்று 105 டன் தந்தத்தை அடுக்கித் தீ வைத்தது!

இது சரிதானா என்று கேட்பீர்கள். நூற்றுக்கு நூறு சரி என்பேன். ஆசிய யானைகளில் பெண்ணுக்கு வெளியே தெரியும் தந்தம் கிடையாது, ஆகவே சுடப்படுவதெல்லாம் ஆண். 1980களின் கடைசியில் பெரியாறு காட்டில், வளர்ந்த பெண் யானைகள் நூற்றுக்கு ஆண் ஒன்றுதான் என்ற அளவுக்கு வந்துவிட்டது. தந்தமில்லாத ஆணை நம் காட்டோர மக்கள் ‘மக்னா’ என்பார்கள். அந்தக் காலத்தில் தந்தமில்லாமல் பிறந்ததே அதற்கு வரம். ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில், கோரொங்கோசா காட்டு யானைகளில் பத்தில் ஒன்பது செத்துப்போயின. போருக்கு முன் தந்தமில்லாத பெண் யானைகள் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. போருக்குப் பின் பாதிக்குப் பாதி! நம் பேராசை ஒரு விலங்கின் உடலையே மாற்றி எழுதிவிட்டது.

இருக்கும் சிலையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கழுவாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், வெளுக்கவைக்க எதையும் பூசாதீர்கள், குத்துவிளக்குப் பக்கத்திலோ வெயில் விழும் அலமாரியிலோ வைக்காதீர்கள். சூடும் ஈரமும் மாறி மாறி வந்தால் விரிசல் ஓடும். உலர்ந்த மெல்லிய தூரிகை ஒன்று போதும்.

பாட்டியோ பெரியப்பாவோ இருக்கும்போதே கேட்டு, யார் எந்த ஊரில் எந்த வருடம் வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். அது யானைத் தந்தம் என்று தெரிந்தால், வாரிசாகக் கைக்கு வந்த 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடமோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரிடமோ அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். நாள் கடந்திருந்தால் ஒளிக்காதீர்கள், விவரம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு மாவட்ட வன அலுவலகத்துக்குப் போங்கள்.